24 வயதுக் குடியிருப்பு: பெயின்ட் முதலா, தூண் முதலா?

கல்மண்டபம் டீச்சர் · நவம்பர் 9, காலை 7:40

எல்லோருக்கும் வணக்கம். பாலக்காடு கல்மண்டபம் பக்கத்தில் 32 வீடுகள் உள்ள அடுக்குமாடியில் இருக்கிறேன். கீழே கார் நிறுத்தம், அதற்கு மேல் நான்கு மாடி. 2001இல் கட்டி முடித்தார்கள். போன மாதப் பொதுக்குழுவில் என்னைச் செயலாளராகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். தமிழ் மீடியம் பள்ளியில் முப்பத்தொரு வருஷம் பாடம் எடுத்தவள். கட்டட வேலை பற்றிக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், அதனால் இங்கே எழுதுகிறேன்.

வீட்டுக்கு மாதம் 1,500 ரூபாய் வாங்குகிறோம், ஆக 48,000. வாட்ச்மேன், துப்புரவு, பொது கரண்ட் பில், லிஃப்ட் ஒப்பந்தம் எல்லாம் போக ஏழாயிரம் மிஞ்சினால் பெரிய விஷயம். வங்கியில் 6,40,000 இருக்கிறது. வெளிப்பக்கம் முழுக்கப் பெயின்ட் அடிக்க ஒருவர் 9 லட்சம் கேட்கிறார். வாடகைக்கு விட்டிருப்பவர்கள் எல்லோரும் அதைத்தான் முதலில் செய்யச் சொல்கிறார்கள். சுவர் கறுத்துப்போய்விட்டது, ஆள் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள் என்கிறார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

ஆனால் எனக்கு உறுத்துவது வேறு. கார் நிறுத்தத்தில் தூண்களுக்கு இடுப்பு உயரம் வரை கிரானைட் ஒட்டியிருக்கிறது. ஆடி மழையில் ஒரு பலகை தானாகவே கழன்று விழுந்தது. உள்ளே காரை பழுப்பாக, ஈரமாக இருந்தது. இன்னும் மூன்று தூண்களில் கிரானைட் வயிறு தள்ளி நிற்கிறது. மேஸ்திரி ஒருவர் வந்து, "கெமிக்கல் போட்டு ஒட்டிவிடலாம் டீச்சர், ஒரு தூணுக்கு மூவாயிரம்" என்றார். குழாயில் காலையில் முதல் பத்து நிமிஷம் செம்மண் நிறத்தில் தண்ணீர். கரண்ட் போனால் லிஃப்ட் நடுவில் நிற்கிறது. போன வாரம் நாலாம் மாடி மாமி, 78 வயது, இருபத்தைந்து நிமிஷம் உள்ளே மாட்டிக்கொண்டார். கிழக்குப் பக்க வீடுகளில் சாயங்காலம் விளக்கு திடீரென்று பளிச்சென்று எரிந்து மங்குகிறது.

இத்தனையில் எதை முதலில் எடுப்பது?

---

வாளையாறு சிவில் · நவம்பர் 9, காலை 9:15

டீச்சர், அந்த கிரானைட்டை ஒட்ட வேண்டாம். மேஸ்திரியிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். ஒட்டினால் வெளியே தெரியாமல் போகும், உள்ளே நடப்பது நடந்துகொண்டுதான் இருக்கும்.

நான் கோயம்புத்தூரில் பழைய கட்டடங்களைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதுகிறது என்று நினைக்கிறேன். நல்ல கான்கிரீட்டுக்குள் காரத்தன்மை அதிகம், அதை அளக்கும் பி.எச். எண் 12, 13 வரை இருக்கும். அந்தக் காரம் இருக்கும் வரை கம்பியின் மேல் மெல்லிய படலம் ஒன்று காவலாக நிற்கும். வருஷக்கணக்கில் காற்றிலுள்ள கரியமில வாயு உள்ளே இறங்கி அந்தக் காரத்தைக் குறைத்துக்கொண்டே வரும். 9 பக்கம் வந்துவிட்டால் படலம் போய்விடும். அதன்பின் ஈரம் கிடைத்தால் துருதான். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த அழுத்தத்தில்தான் மேல் காரை பிளந்து கிரானைட்டைத் தள்ளுகிறது.

இரண்டு விஷயம் கேட்கிறேன். அந்தத் தூண்களின் பக்கத்தில் கார் கழுவும் குழாய் இருக்கிறதா? மாடியிலிருந்து இறங்கும் கழிவுக் குழாய் அங்கே எங்காவது கசிகிறதா?

---

கல்மண்டபம் டீச்சர் · நவம்பர் 9, காலை 10:02

இரண்டுமே இருக்கிறது. குழாய்க்கு இரண்டு பக்கமும் உள்ள தூண்கள்தான் மோசம். தினமும் ஏழெட்டு வண்டி அங்கே கழுவுகிறார்கள். எப்படித் தெரிந்தது?

---

வாளையாறு சிவில் · நவம்பர் 9, காலை 10:30

பார்த்த கட்டடங்களில் பாதிக்கு மேல் அப்படித்தான் இருந்தன. தூணின் அடி எப்போதும் நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்து இருக்கும். கிரானைட்டுக்குப் பின்னால் போன ஈரம் வெளியே வராது. அழகுக்கு ஒட்டியது அங்கே ஈரத்தைப் பூட்டி வைத்துவிடுகிறது.

இந்த வாரம் செய்ய வேண்டியது: குழாயை மூடுங்கள், கசியும் கழிவுக் குழாயை மாற்றுங்கள். சந்தேகமுள்ள தூண்களில் கிரானைட்டைக் கழற்றிவிட்டுச் சின்னச் சுத்தியலால் தட்டிக் கேளுங்கள். கெட்டியான இடம் 'டங்' என்று சொல்லும், விட்டுப்போன இடம் பொத்தென்று சொல்லும். பொத்தென்று கேட்ட இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போட்டு, போட்டோ எடுத்து வையுங்கள். ஆனால் யாரும் உளியால் கொத்தக் கூடாது. தூண் மேலே நான்கு மாடிப் பாரம் நிற்கிறது. கட்டமைப்புப் பொறியாளர் வந்து, முட்டுக் கொடுத்த பிறகுதான் கொத்த வேண்டும்.

---

அபுதாபி 3பி · நவம்பர் 9, பிற்பகல் 2:48

நான் கொல்லங்கோட்டுக்காரன். பாலக்காட்டில் வேறொரு குடியிருப்பில் ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விட்டிருக்கிறேன். வெளிநாட்டில் இருப்பவர்கள் பணம் கொடுக்க மாட்டார்கள் என்று பல சங்கங்களில் பேச்சு. எங்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன் டீச்சர்.

நான் மூன்று முறை சிறப்புத் தொகை கொடுத்திருக்கிறேன். ஒரு தடவைகூட எதற்குப் போனது என்று காகிதம் வரவில்லை. வாட்ஸாப்பில் "மோட்டார் வேலை, 85,000" என்று ஒரு வரி வந்தது. எந்த மோட்டார், என்ன பழுது, எத்தனை பேரிடம் விலை கேட்டீர்கள், பழைய மோட்டார் எங்கே போனது? கேட்டால் "நீங்கள் இங்கே வந்து பாருங்கள்" என்கிறார்கள். அதனால்தான் நாலாவது தடவை கை வரவில்லை. நீங்கள் தூணைத் திறந்து போட்டோ போட்டால், சோதனை அறிக்கையை அப்படியே அனுப்பினால், இங்கே உள்ளவர்கள் பலரும் கொடுப்பார்கள். என் வீடும் அப்படி ஒரு தூண் மேலேதானே நிற்கிறது.

---

கரண்டு அண்ணன் · நவம்பர் 9, இரவு 8:20

டீச்சர், தூண் வேலையைச் செய்யுங்கள், மறுக்கவில்லை. ஆனால் நாளைக் காலை முதல் வேலை அது இல்லை. விளக்கு பளிச்சென்று எரிந்து மங்குகிறது என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் வயிற்றைக் கலக்கியது.

கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலையில் முப்பது வருஷம் மின் பராமரிப்பு பார்த்தேன். நீங்கள் சொல்வது நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் பொதுக் கம்பி, தளர்ந்ததற்கான அறிகுறி. உங்கள் கட்டடத்துக்கு மூன்று ஃபேஸ் வருகிறது. வீடுகளை மூன்றாகப் பிரித்துக் கொடுத்திருப்பார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் 230 வோல்ட் கிடைப்பது பொதுவான நியூட்ரல் கெட்டியாக இருப்பதால்தான். அது ஓர் இடத்தில் விட்டுப்போனால் சுமை குறைவாக உள்ள வீட்டுக்கு 300, 350, ஏன், 400 வரைகூட ஏறும். பக்கத்து வீட்டில் அதே நேரம் விளக்கு மங்கும். ஃபிரிட்ஜ், டிவி, இன்வெர்ட்டர் எல்லாம் ஒரே நிமிஷத்தில் போகும். மீட்டர் போர்டு தீப்பிடித்தால் மாடிப்படி முழுக்கப் புகை. உங்கள் மீட்டர் அறை படிக்கட்டுக்கு அடியில்தானே?

உரிமம் உள்ள ஒப்பந்தக்காரரைக் கூப்பிடுங்கள். சாயங்காலம் ஏழு மணிக்கு, எல்லா வீட்டிலும் சுமை இருக்கும்போது, வெப்பம் பார்க்கும் துப்பாக்கி வைத்து ஒவ்வொரு முனையையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடக் கொதித்தால் அதுதான் குற்றவாளி. பிறகு மின் வாரிய ஆபீஸில் சொல்லி முழுசாக கரண்டை நிறுத்திவிட்டு வேலை. அலுமினியக் கேபிள் செம்புப் பட்டையில் நேராக உட்கார்ந்திருந்தால் நடுவில் இரண்டு உலோகமும் சேர்ந்த லக் (கேபிள் நுனியில் மாட்டும் இணைப்பு முனை) போட வேண்டும், இல்லாவிட்டால் ஒரே வருஷத்தில் திரும்பத் தளரும். அப்படியே எர்த் குழிகளையும் அளந்துவிடுங்கள். இருபது வருஷமாகத் தண்ணீர் ஊற்றாத எர்த் குழி பெயருக்குத்தான் எர்த். மார்ச் மாதத்தில் நம் ஊர் மண் எப்படி வெடித்துக் கிடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

வீட்டுக்கு வீடு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாக அணையும் சுவிட்ச்) இருக்கிறதா என்று ஒரு நாள் படியேறிப் பாருங்கள். 2001இல் கட்டிய வீடு பலவற்றில் இருக்காது. இருந்தாலும் அதிலுள்ள டெஸ்ட் பட்டனை ஒருவரும் அமுக்கியிருக்க மாட்டார்கள்.

---

வாளையாறு சிவில் · நவம்பர் 9, இரவு 8:51

அண்ணன் சொல்வது சரி. நியூட்ரல் நாளைக்கே. தூணுக்கு ஒரு மாதம் அவகாசம் இருக்கலாம், இதற்கு ஒரு ராத்திரிகூட இல்லை.

---

திருப்பதி வாசன் · நவம்பர் 10, காலை 6:30

எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகத் திருப்பதியில். தண்ணீர் விஷயம் மட்டும் சொல்கிறேன்.

காலையில் பழுப்பாக வந்து அப்புறம் தெளிந்தால், ராத்திரி முழுக்கக் குழாயில் நின்ற தண்ணீர் துருவைக் கரைத்திருக்கிறது என்று அர்த்தம். அந்தக் காலத்து ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய்தானே? எங்கள் கட்டடத்தில் டேங்கை இரண்டு தடவை கழுவினோம், ஃபில்டர் வைத்தோம், பயனில்லை. கடைசியில் பிளம்பர் ஓரடிக் குழாயை அறுத்துக் கையில் கொடுத்தார். ஒன்றரை அங்குலக் குழாயில் சுண்டுவிரல் போகும் அளவுதான் ஓட்டை. மிச்சமெல்லாம் துருவும் உப்பும் சேர்ந்த கட்டி. அதைக் கூட்டத்தில் மேஜைமேல் வைத்தோம். அதுவரை எதிர்த்தவர்கள் ஒன்றும் சொல்லவில்லை.

உடைந்த இடத்தை மட்டும் மாற்றிக்கொண்டே போகாதீர்கள். ஒன்றை அடைத்தால் அழுத்தம் ஏறி அடுத்த பலவீனமான இடம் போகும். நாங்கள் நான்கு வருஷம் அப்படி ஓட்டினோம். மொத்தம் கூட்டிப் பார்த்தால் புதுக் குழாய்க்கான செலவைத் தாண்டியிருந்தது. சுவருக்குள் போகும் பழைய வரிசையை அப்படியே கைவிட்டு, வெளிச்சுவரில் புதிதாக சி.பி.வி.சி. பிளாஸ்டிக் குழாய் இறக்குங்கள். வெயில் படும் இடத்தில் பெயின்ட் அடிக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நொறுங்கும். முக்கியமாக, டேங்கிலிருந்து இறங்கும் ஒவ்வொரு வரிசைக்கும் தனி வால்வு. ஒரு வீட்டுக் குழாய் உடைந்தால் 32 வீட்டுக்கும் தண்ணீர் நிறுத்தும் அவஸ்தை இருக்காது.

இந்த வேலையைப் பெயின்ட்டுக்கு முன்னால் முடித்துவிடுங்கள். அடித்த பிறகு சுவரில் கிளாம்ப் அடித்தால் சண்டை வரும்.

---

நாஞ்சில் மாடிவீடு · நவம்பர் 10, காலை 11:10

டீச்சருக்கு வணக்கம். நாகர்கோவிலில் இருந்து எழுதுகிறேன். தண்ணீர் பற்றிப் பேசும்போது தரைத் தொட்டியை மறக்க வேண்டாம். 2024 ஜூனில் கொச்சி காக்கநாட்டில் ஒரு பெரிய குடியிருப்பில் நூற்றுக்கணக்கானவர்கள் வயிற்றுப்போக்கால் படுத்தார்கள், தண்ணீரில் கிருமி இருந்தது என்று சோதனையில் தெரிந்தது. அது உங்களுடையது அளவுக்குப் பழைய கட்டடம் இல்லை. பழைய கட்டடத்தில் தொட்டிச் சுவர் வெடித்திருக்கும், பக்கத்திலேயே கழிவுநீர்ச் சேம்பர் இருக்கும். இடவப்பாதி (ஜூன் மாதத் தென்மேற்குப் பருவ) மழையில் நிலத்தடி நீர் ஏறினால் இரண்டும் கலக்க எவ்வளவு நேரம் ஆகும்? மூடி தரை மட்டத்தைவிட ஓரடியாவது உயரமாக இருக்கிறதா என்று பாருங்கள். மழைக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

---

கீழ்வீட்டுக்காரர் · நவம்பர் 10, இரவு 9:05

ஒரு சந்தேகம் கேட்கிறேன், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நான் ஒலவக்கோட்டில் வேறொரு குடியிருப்பில் தரைத்தளத்தில் இருக்கிறேன். பதினெட்டு வருஷத்தில் லிஃப்டில் ஏறியதே பத்து தடவை இருக்காது. இப்போது புது லிஃப்டுக்கு என்னிடமும் 45,000 கேட்கிறார்கள். ஓய்வூதியத்தில் வாழ்கிறவன். மொட்டைமாடி ஒழுகினால் நாலாம் மாடிக்காரர் செலவு செய்யட்டும், லிஃப்டுக்கு மேல்மாடிக்காரர்கள் செய்யட்டும் என்பதில் என்ன தவறு?

---

சித்தூர் குமாஸ்தா · நவம்பர் 11, காலை 8:15

ஐயா, நான் பாலக்காட்டுச் சித்தூர். (ஆந்திரச் சித்தூர் நண்பர்களும் இங்கே இருப்பதால் சொல்லிவைக்கிறேன்.) வக்கீல் ஆபீஸில் இருபது வருஷமாக இந்த வழக்குகளைப் பார்க்கிறேன்.

கேரள அபார்ட்மென்ட் உரிமைச் சட்டம் 1983இலேயே இருக்கிறது. அதன்படி டிக்ளரேஷன் (இந்தக் கட்டடம் அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்படும் என்று எழுதிக் கொடுக்கும் பத்திரம்) பதிவு செய்த கட்டடங்களில், பொது இடத்தை நான் பயன்படுத்துவதில்லை என்று சொல்லிப் பொதுச் செலவிலிருந்து யாரும் விலக முடியாது. அஸ்திவாரம், தூண், கூரை, படி, லிஃப்ட் எல்லாம் எல்லோருக்கும் பிரிக்க முடியாத பங்கு. உங்கள் வீட்டைத் தாங்கும் தூண் பழுதானால் மாடிக்காரர் "நான் கீழே இறங்குவதே இல்லை" என்று சொல்ல முடியுமா? அதே நியாயம்தான் லிஃப்டுக்கும். கொடுக்காத பாக்கி அந்த வீட்டின் மேலேயே பொறுப்பாக நிற்கும்.

ஆனால் உங்கள் கஷ்டமும் எனக்குப் புரிகிறது. ஒரே தவணையில் கேட்பது தப்பு. ஓய்வூதியக்காரர்களுக்குப் பன்னிரண்டு தவணை கொடுத்த சங்கங்களைப் பார்த்திருக்கிறேன், அங்கே பணம் முழுசாக வந்தது. எழுதிக் கேளுங்கள்.

டீச்சருக்கு ஒன்று. உங்கள் கட்டடத்துக்கு அந்த டிக்ளரேஷன் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பல இடங்களில் கட்டியவர் அதைச் செய்யாமலே போயிருப்பார், வெறும் சங்கப் பதிவு மட்டும் இருக்கும். பாலக்காடு பழைய மலபார் என்பதால் 1860ஆம் வருஷச் சங்கச் சட்டத்தில் பதிவு செய்திருப்பீர்கள். எங்கள் சித்தூர் கொச்சி ராஜ்ஜியத்தில் இருந்தது, அதனால் எங்களுக்கு 1955ஆம் வருஷத் திருவிதாங்கூர்-கொச்சிச் சட்டம். பதினைந்து கிலோமீட்டருக்குள் இரண்டு சட்டம். இதைத் தெரியாமல் தப்பான விதியை மேற்கோள் காட்டி நோட்டீஸ் அனுப்பிய சங்கங்களும் உண்டு.

எல்லை தாண்டினால் இன்னும் வேறு. கோயம்புத்தூர்ப் பக்கம் 2022ஆம் ஆண்டு தமிழ்நாட்டுச் சட்டம், அது 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் இடித்துக் கட்டவும் அதில் வழி இருக்கிறது. ஆந்திராவில் 1987ஆம் ஆண்டுச் சட்டம். உறவினர் ஊரில் செய்ததைக் கேட்டு அப்படியே இங்கே செய்யாதீர்கள்.

---

கீழ்வீட்டுக்காரர் · நவம்பர் 11, காலை 9:40

தூணைச் சொன்னதும் புரிந்தது. தவணை கேட்டு எழுதுகிறேன். நன்றி.

---

கல்மண்டபம் டீச்சர் · நவம்பர் 13, இரவு 10:10

கரண்டு அண்ணனுக்கு எங்கள் 32 வீட்டின் நன்றி. நேற்றுச் சாயங்காலம் பார்த்தார்கள். மற்ற முனைகள் எல்லாம் 40 டிகிரிக்குள், நியூட்ரல் ஒன்று மட்டும் 96. இன்று காலை கரண்டை நிறுத்திவிட்டுத் திறந்தபோது கேபிளின் நுனி கரியாக இருந்தது, பிளாஸ்டிக் உறை உருகி ஓடியிருந்தது. செலவு பதினான்காயிரம். பெயின்ட்டுக்குக் கூட்டம் போட்டுக் கொண்டிருந்த மாதங்களில் அது அங்கே எரிந்துகொண்டிருந்திருக்கிறது. நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

லிஃப்ட் பற்றி யாராவது சொல்லுங்கள்.

---

கரண்டு அண்ணன் · நவம்பர் 14, காலை 6:55

கரண்ட் போனதும் பேட்டரியில் பக்கத்துத் தளத்துக்குப் போய்க் கதவைத் திறக்கும் ஏஆர்டி கருவி உங்கள் லிஃப்டில் இருக்கும். அதன் பேட்டரி மூன்று நான்கு வருஷத்துக்கு மேல் உழைக்காது. யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள். சோதிப்பது சுலபம்: மாதம் ஒருமுறை, உள்ளே ஆள் இல்லாமல், லிஃப்ட் இரண்டு தளத்துக்கு நடுவில் போகும்போது மெயினை அணைக்கச் சொல்லுங்கள். தானாக வந்து திறக்க வேண்டும்.

ஒப்பந்தத்தையும் எடுத்துப் படியுங்கள். உதிரிபாகம் சேர்ந்த ஒப்பந்தமா, வெறும் எண்ணெய் துடைப்பா? மலிவானது என்று இரண்டாவதை எடுத்திருப்பீர்கள். கயிறு, பிரேக் லைனர், கதவுப் பூட்டு, வேகக் கட்டுப்பாட்டுக் கயிறு இவை கடைசியாக எப்போது பார்க்கப்பட்டன என்று தேதியோடு எழுதி வாங்குங்கள். மழைக்காலத்தில் குழியில் தண்ணீர் நிற்கிறதா என்று நீங்களே டார்ச் அடித்துப் பாருங்கள். கேரளத்தில் லிஃப்டுக்குத் தனிச் சட்டமே 2013இல் இருந்து இருக்கிறது, மின் ஆய்வாளர் அலுவலகத்தின் உரிமம் நடப்பில் இருக்க வேண்டும். காலாவதியாகியிருந்தால் விபத்து நடந்தால் செயலாளர் பெயரில்தான் கேள்வி வரும்.

மாமி மாட்டியபோது யார் கதவைத் திறந்தது?

---

கல்மண்டபம் டீச்சர் · நவம்பர் 14, காலை 7:20

வாட்ச்மேனும் இரண்டு பையன்களும் கம்பி வைத்து நெம்பித் திறந்தார்கள். லிஃப்ட் இரண்டாம் மாடிக்கு மூன்றடி மேலே நின்றிருந்தது. மாமியைக் கீழே குதிக்கச் சொல்லித் தாங்கிக்கொண்டார்கள்.

---

கரண்டு அண்ணன் · நவம்பர் 14, காலை 7:31

இனிமேல் தயவுசெய்து அப்படிச் செய்ய வேண்டாம். மூன்றடி மேலே நிற்கும் லிஃப்டுக்குக் கீழே திறந்த குழி இருக்கிறது. குதிப்பவர் கால் பின்னால் சறுக்கினால் நேராகக் குழிக்குள். உள்ளே இருப்பவருக்கு மூச்சு முட்டாது, காற்று வழி இருக்கும். கதவருகே நின்று பேசிக்கொண்டே இருங்கள், பயிற்சி பெற்றவர் வந்து லிஃப்டைத் தளத்துக்கு இறக்கிய பிறகு திறக்கட்டும். இதைப் பெரிய எழுத்தில் ஒவ்வொரு மாடியிலும் ஒட்டுங்கள்.

---

நாஞ்சில் மாடிவீடு · நவம்பர் 14, பிற்பகல் 1:15

டீச்சர், தூண் வேலையின்போது கழிவுக் குழாயைத் திறப்பீர்கள், செப்டிக் டேங்கையும் சுத்தம் செய்யச் சொல்வார்கள். ஆளை உள்ளே இறக்க யாரையும் விடாதீர்கள். லாரிக்காரரே "அடியில் கெட்டியாக இருக்கிறது, ஒருத்தன் இறங்கினால் அரைமணி வேலை" என்பார். எங்கள் தெருவில் அப்படி இறங்கியவர் திரும்பி வரவில்லை, தூக்கப் போன அவர் தம்பியும் வரவில்லை. உள்ளே விஷவாயு, ஒரு மூச்சு போதும். 2013இல் சட்டமே தடுத்துவிட்டது. இறப்புக்கு உச்ச நீதிமன்றம் 2014இல் 10 லட்சம் என்றது, 2023 அக்டோபரில் 30 லட்சமாக்கியது. பணத்துக்காகச் சொல்லவில்லை. அந்த வீட்டுப் பிள்ளைகளை நான் தினமும் பார்க்கிறேன்.

---

கல்மண்டபம் டீச்சர் · டிசம்பர் 7, இரவு 9:30

தாமதத்துக்கு மன்னிக்கவும். வாளையாறு தம்பி சொன்னபடி ஒரு கட்டமைப்புப் பொறியாளரை வரவழைத்தோம். 28 தூண்களையும் தட்டினார். ஒன்பதில் பொத்தென்ற சத்தம். கம்பி துருவுக்கான மின்னழுத்தச் சோதனை, மீயொலிச் சோதனை எல்லாம் செய்தார். எங்கள் கூட்டத்தை மாற்றியது வேறொரு சின்ன விஷயம்.

பொதுக்குழு நடக்கும் நாளிலேயே அவரை வரச் சொன்னேன். எல்லோரும் தூணைச் சுற்றி நின்றோம். கான்கிரீட்டில் சின்னத் துளை போட்டு ஒரு மருந்தைத் தெளித்தார். பினால்ஃப்தலீன். பள்ளிக்கூட ஆய்வகத்தில் இருக்கும் அதே மருந்து. காரம் இருந்தால் ரோஜா நிறம் வரும். நடுவில் உள்ள நல்ல தூணில் மேலே மட்டும் நிறமில்லை, உள்ளே அரை அங்குலத்தில் பளிச்சென்று ரோஜா. குழாய்ப் பக்கத்துத் தூணில் கம்பியையும் தாண்டி எங்கும் நிறமே வரவில்லை. வெறும் சாம்பல். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், "பாட்டி, இங்கே மருந்து வேலை செய்யலையா?" என்று கேட்டான். அங்கே இருந்த அவன் அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. பெயின்ட் வேண்டும் என்று போன கூட்டத்தில் அதிகம் பேசியவர் அவர்தான். அவரே தீர்மானத்தை முன்மொழிந்தார்.

தூண் மேல் கம்பிக்கு 40 மில்லிமீட்டர் காரை இருக்க வேண்டுமாம். எங்களுடையதில் சில இடங்களில் 15தான்.

சதுர அடிக்கு 40 ரூபாய். 950 அடி வீடு 24, ஒவ்வொன்றுக்கும் 38,000. 1,300 அடி வீடு 8, ஒவ்வொன்றுக்கும் 52,000. மொத்தம் 13,28,000. மூன்று தவணை, ஓய்வூதியக்காரர்களுக்குப் பன்னிரண்டு. அபுதாபி தம்பி கேட்டபடி ஒவ்வொரு பில்லும், விலைக் கோரிக்கையும், படமும் ஒரே இடத்தில் போட்டு எல்லோருக்கும் இணைப்பு கொடுத்துவிட்டேன். வெளிநாட்டில் உள்ள ஒன்பது பேரில் ஏழு பேர் முதல் வாரமே முழுத் தொகையும் அனுப்பினார்கள்.

---

அபுதாபி 3பி · டிசம்பர் 8, அதிகாலை 1:12

படித்துச் சந்தோஷமாக இருக்கிறது. எங்கள் சங்கத்துக்கும் இந்த இழையை அனுப்பிவிட்டேன்.

---

வாளையாறு சிவில் · டிசம்பர் 8, காலை 8:40

நல்ல வேலை டீச்சர். ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை சில. ஒரு தூணின் நான்கு பக்கமும் ஒரே நேரத்தில் கொத்தக் கூடாது. பக்கத்துப் பக்கத்துத் தூண்களை ஒரே நாளில் தொடக் கூடாது. ஜாக்கி வைத்து மேல் பீமைத் தாங்கிய பிறகுதான் உளி. கம்பியின் பின்பக்கத் துருவும் போக வேண்டும், அதற்குக் கம்பிக்குப் பின்னால் விரல் நுழையும் அளவு கொத்தணும். முன்பக்கம் மட்டும் தேய்த்துப் பூசினால் இரண்டு வருஷத்தில் திரும்ப வரும். கம்பியின் தடிமன் அளந்து, தேய்ந்த இடத்தில் புதுக் கம்பி. வெறும் சிமென்ட் பூச்சு கூடாது, மைக்ரோ கான்கிரீட்டில் (பழுது பார்க்கப் பயன்படுத்தும் நைசான கான்கிரீட்) தூணைச் சுற்றி உறை போட வேண்டும்.

பிறகு நம் ஊருக்கே உரிய ஒன்று. மார்கழி, தை மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்குக் காற்று எப்படி வீசும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மழை இல்லாததால் வேலைக்கு ஏற்ற காலம்தான். ஆனால் அந்த வறண்ட காற்று புதுக் கான்கிரீட்டின் ஈரத்தை மணிக்கணக்கில் உறிஞ்சிவிடும், மேலெல்லாம் மயிரிழை விரிசல் விழும். கான்கிரீட் ஊற்றிய பலகைப் பெட்டியைப் பிரித்த உடனே சாக்கு சுற்றி, அதன் மேல் பிளாஸ்டிக் சுற்றி, நாளுக்கு நான்கு தடவை நனைக்கணும். குறைந்தது பத்து நாள். இதற்கென்று ஓர் ஆள் போடுங்கள். வாட்ச்மேன் பார்த்துக்கொள்வார் என்று விட்டால் நடக்காது.

மொட்டைமாடிக்குத் தகரக் கூரை போடலாம் என்று யாராவது சொல்வார்கள், கேரளத்தில் இப்போது பல வீடுகளிலும் அதுதான். போடுவதானால் இந்தக் காற்றுக்குக் கணக்குப் போட்டுக் கட்டுங்கள். தளத்தில் துளையிட்டு நட்ட ஒவ்வொரு போல்ட்டும் ஒழுகும் வழி. முதலில் தளத்தில் 48 மணி நேரம் தண்ணீர் கட்டி, எங்கே ஒழுகுகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் தளம் இருக்காது, கைப்பிடிச் சுவரின் அடி மூலையும் குழாய் நுழையும் இடமும்தான். சித்திரையில் 40 டிகிரி வெயிலில் நீண்டு, இடவப்பாதியில் ஒரே நாளில் சுருங்கும் இடங்கள் அவை.

---

சித்தூர் குமாஸ்தா · டிசம்பர் 8, காலை 11:25

கொச்சி வைற்றிலயில் ராணுவத்தினருக்காகக் கட்டிய கோபுரக் குடியிருப்பை நினைத்துக்கொள்கிறேன். 2018இல் வீடு கொடுத்தார்கள், 2025 பிப்ரவரியில் இரண்டு கோபுரங்களை இடித்துக் கட்ட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. உங்களுடையது 24 வருஷம் நின்றிருக்கிறது, இன்னும் காப்பாற்றக்கூடிய நிலையில் இருக்கிறது. அறிக்கைகளைப் பத்திரமாக வையுங்கள், நாளைக்கு யாராவது வீடு விற்கும்போது அவை பத்திரத்தைப் போலவே உதவும்.

---

கல்மண்டபம் டீச்சர் · ஜனவரி 24, மாலை 5:50

ஆறு தூண் முடிந்தது. ஏழாவதைத் திறந்தபோது நான்கு கம்பியில் ஒன்று பென்சில் அளவுக்கு மெலிந்திருந்தது. மேஸ்திரி மூவாயிரத்துக்கு ஒட்டித் தருகிறேன் என்ற தூண் இதுதான். பொறியாளர் வேலையை நிறுத்தி இன்னும் இரண்டு ஜாக்கி கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.

லிஃப்டின் ஏஆர்டி பேட்டரி மாற்றியாகிவிட்டது. குழியில் முக்கால் அடி தண்ணீர் இருந்தது, இறைத்து உள்பக்கம் பூசினோம். மாமி இன்னும் படியில்தான் இறங்குகிறார், கையைப் பிடித்துக்கொண்டு போகிறேன். குழாய் வேலை மாசியில். பெயின்ட் அடுத்த துலா (ஐப்பசி) மழை முடிந்த பிறகு என்று தீர்மானம். இரண்டு வீட்டுக்காரர்கள் இன்னும் ஒரு தவணைகூடக் கொடுக்கவில்லை, நேரில் போய்ப் பேசப் போகிறேன்.

தம்பி, ஒரு கேள்வி. காற்று நேற்று ராத்திரி சாக்கைப் பிரித்துப் போட்டுவிட்டது. காலை ஆறு மணிக்குத்தான் பார்த்தேன், ஐந்தாம் நாள். ஒரு பக்கம் வெள்ளையாகக் காய்ந்திருக்கிறது. கெட்டுவிட்டதா?

---

வாளையாறு சிவில் · ஜனவரி 24, மாலை 6:04

ஒரு ராத்திரியில் கெடாது. இப்போதே நனைத்துச் சுற்றி, சணல் கயிற்றால் மூன்று இடத்தில் கட்டுங்கள். அந்தப் பக்கத்துக்கு மட்டும் மூன்று நாள் கூட்டிக்கொள்ளுங்கள். விரிசல் தெரிந்தால் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள்.

---

கல்மண்டபம் டீச்சர் · ஜனவரி 24, இரவு 7:30

கட்டிவிட்டோம். விரிசல் இல்லை. ராத்திரி பத்து மணிக்கு நனைக்கும் முறை இன்று பெயின்ட் கேட்ட அந்த அப்பாவுடையது.